ஐம்பத்தைந்து இஞ்ச்

“முப்பத்திரண்டு இஞ்சா? வேண்டவே வேண்டாமுங்க. அதுல ஹீரோ மூஞ்சி எலுமிச்சங்கா அளவுக்குத்தான் தெரியும்” என்றார் அந்த அம்மா.

ரொனால்ட் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். காபி எஸ்டேட்டுக்குக் கணக்கெழுதும் புது ரைட்டராக வந்திருப்பதாகவும், லீவு நாளில் படம் பார்க்கச் சின்னதாக ஒரு டிவி போதும் என்றும் அவர் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு கைமாறியிருந்தது.

விற்பனையாளன் ஹரிஹரனுக்கு வயிறு குளிர்ந்தது. ஏற்காடு பஜாரில் இருந்த அந்தக் கடையில் ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி ஒன்று ஆறு மாதமாகச் சுவரோடு வாழ்ந்து வந்தது. இன்றைக்குள் விற்காவிட்டால் அதை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் கடையில் ஒப்படைத்துவிட்டு அப்படியே வேலையிலிருந்தும் நின்றுகொள்ளும்படி முதலாளி காலையில் போனில் சொல்லியிருந்தார். ஹரிஹரனுக்கு எட்டாவது வளைவிலேயே வாந்தி வரும்.

கடைக் கதவைத் திறந்து பிடித்து ரொனால்டை உள்ளே விட்டதே அந்த அம்மாதான். ரிமோட்டை யார் கையில் கொடுக்க வேண்டும் என்று ஹரிஹரன் அப்போதே முடிவு செய்துவிட்டான்.

“அக்கா, நாப்பத்தி மூணு பாருங்க. ஊட்ல படம் பாக்க அம்சமா இருக்கும்.”

“ஓட்டுங்க, பாக்கலாம்.”

ஒரு பேய்ப் படத்தை ஓட்டினான். கிணற்றடியிலிருந்து வெள்ளைச் சேலை ஒன்று எழுந்து வந்தது. ரொனால்ட் நாற்காலியோடு ஓரடி பின்னால் போனார்.

அந்த அம்மா அசரவில்லை. “இதக் கொஞ்சம் புடிங்க” என்று கைப்பையை ரொனால்ட் மடியில் போட்டுவிட்டு வெளியே போனார். ரோட்டைக் கடந்தார். எதிரே பேக்கரி வாசலில் ஏறி நின்று, கண்ணைச் சுருக்கிக் கடைக்குள் பார்த்தார்.

“பேயத் தெரியலீங்க!” என்று அங்கிருந்து கத்தினார். “வெறும் பனிதான் தெரியுது!”

உண்மைதான். ரோட்டின் நடுவில் மூடுபனி, அதுவும் ஒரு டிவி விலை கேட்க வந்ததுபோல் நின்றுகொண்டிருந்தது.

“ஏனுங்க சார், உங்க ஹால் அவ்வளவு நீளமுங்களா?” என்று கேட்டான் ஹரிஹரன்.

“பத்தடி இருந்தாலே அதிகங்க” என்றார் ரொனால்ட். “ஆனா அவங்க சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்.”

ஹரிஹரனுக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. மனைவி சொன்னால் சரி என்கிற இந்தப் பக்குவம் வராமல்தான் அவன் தன் வீட்டில் தினமும் தனியாகச் சாப்பிட்டான். குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ஐம்பத்தைந்தை ஓடவிட்டான்.

“ஆங்! இப்பத் தெரியுது! பேயி போட்டிருக்கிற மூக்குத்தி வரைக்கும் தெரியுது! கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம் திருப்புங்க! கீழ எழுத்துப் போடுங்க! சத்தம் பத்தலீங்க, சத்தம்!”

ஹரிஹரன் சத்தத்தைக் கூட்டினான். பேய் போட்ட அலறலில் சேலம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் மொத்தமாகத் திரும்பினார்கள். பேய்க்கும் மந்திரவாதிக்கும் கடைசிச் சண்டை நடந்தபோது பேக்கரி வாசலில் பதினோரு பேர் கையில் டீயோடு நின்றார்கள். பஸ் போயே விட்டது.

தலைமுடியெல்லாம் பனித்துளியோடு அந்த அம்மா திரும்பி வந்தார். “இதையே எடுத்துக்குங்க. சன்னலுக்கு நேரா இருக்கிற செவுத்துல மாட்டிருங்க.”

“வெளிச்சம் அடிக்குமுங்க அக்கா” என்றான் ஹரிஹரன்.

“இந்த ஊர்ல எங்கீங்க வெளிச்சம்?”

“ரொம்பப் பெருசோ...” என்று ரொனால்ட் இழுத்தார்.

“படம்னா பெருசாத்தான் பாக்கோணுமுங்க. சின்னதா எடுத்துப்போட்டு அப்பறம் வருத்தப்படாதீங்க.”

ரொனால்ட் தலையாட்டிவிட்டுக் கார்டை நீட்டினார். பில் வெளியே வரும்வரை ஹரிஹரன் மூச்சுவிடவில்லை. வந்ததும் மொத்தமாக விட்டான்.

“நீங்க நொம்பக் குடுத்து வெச்சவருங்க சார். இப்படி விவரமான சம்சாரம் யாருக்கு அமையும்?”

ரொனால்ட் விழித்தார். “சம்சாரமா? எனக்கு இன்னும் பொண்ணே பாக்கலீங்க. இவங்க உங்க கடை மேடம்தானே? கதவெல்லாம் திறந்து விட்டாங்களே!”

“எங்க கடையில நான் மட்டுந்தானுங்க.”

இருவரும் மெதுவாகத் திரும்பினார்கள். ஹரிஹரன் மட்டும், திரும்பிக்கொண்டே பில்லை மடித்து ரொனால்டின் சட்டைப் பையில் செருகிவிட்டான்.

அந்த அம்மா தன் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

“நான் வாழவந்தியில உங்களுக்கு எதுத்த ஊடுங்க. நீங்க குடிவந்து நாலு நாள்தான ஆகுது, பனியில என்னையப் பாத்திருக்க மாட்டீங்க. டிவி வாங்கப் போறேன்னு பஸ்ல கண்டக்டர்கிட்டச் சொன்னீங்களா, அதான் மனசு கேக்காம கூடவே வந்துட்டேன்.”

கதவு வரை போனவர், ஏதோ நினைவு வந்ததுபோல் நின்றார்.

“ஏனுங்க, சன்னலுக்குத் திரை மட்டும் போட்றாதீங்க.”