கோணிச்சாக்கின் கவலை

மலையூரில் உறைபனிக் காலம் தொடங்கியது. வாசலில் இருந்த சாண் உயரப் போன்சாய் மரத்தின் வேர் உறைந்துவிடுமோ என்று பயந்த பெஞ்சமின், அதைத் தொட்டியோடு சேர்த்துக் கோணிச்சாக்கால் போர்த்தினார்.

"இப்போதுதான் கொஞ்சம் கதகதப்பாக இருக்கிறது," என்றது மரம்.

"இது கலையாமல் இருந்தால் விடியும்வரை தாங்கிவிடலாம்," என்றது சாக்கு.

கதவு திறந்தது. பெஞ்சமின் வந்து சாக்கைத் தூக்கி, மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார். சேர்ந்திருந்த சூடெல்லாம் போய்விட்டது. சற்று நேரத்தில் மறுபடி வந்தார். மூன்றாம் முறை வந்தபோது மண் சில்லிட்டிருந்தது.

"நல்லவேளை, வந்து பார்த்தேன். இனி அடிக்கடி பார்க்க வேண்டும்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

மரம் நடுங்கியது. "பனி உள்ளே வந்துவிடுமா?"

"பனியை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றது சாக்கு. "கதவுச் சத்தம் கேட்கிறதா, அதைச் சொல்."