வேறு யாரும் காட்டக் கூடாது

படப்பை கார் பந்தயத்தை டிவியில் காட்டும் உரிமைக்கு மூன்று கேபிள்காரர்கள் முட்டிக்கொண்டார்கள். தாம்பரம் முஸ்தபா மட்டும் பேரமே பேசவில்லை.

"கேக்கறத குடுத்துடறேன் சார். ஆனா வேற எவனும் காட்டக் கூடாது. எழுதிக் குடுங்க."

பந்தயம் நடத்தும் பிரிட்டோ சந்தோஷமாகக் கையெழுத்திட்டார். அவர் மகன் ஓட்டுகிறான்; ஊரே பார்க்க வேண்டாமா?

ஞாயிறன்று மகன்தான் முதலில் வந்தான். உடனே பிரிட்டோவை அவர் மனைவி போனில் அழைத்தாள்.

"என்னங்க, டிவியில ரெண்டு மணி நேரமா வெண்டைக்காய் வறுவல்தான் ஓடுது."

பிரிட்டோ முஸ்தபாவைப் பிடித்தார். "உரிமைய வாங்கிட்டு ஏன்யா காட்டல?"

"காட்டாம இருக்கத்தான் சார் வாங்கினேன். போன வருசம் என் தம்பி யாசீன் மொதல்ல வந்தான். பந்தயம் முடியற கோட்டாண்டயே நின்னுகினு, நான் பாக்கலன்னு பரிச வேற ஒருத்தனுக்குக் குடுத்துட்டீங்க. இப்போ உங்க புள்ள வந்தத ஊரே பாக்கல."