பார்லரில் ஒரு தீர்ப்பு

வாயைத் திறக்கவே கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் அவள் அந்த பியூட்டி பார்லருக்குள் நுழைந்தாள். முகத்தைப் பற்றிக் கவலையில்லை. அதைத் துப்பட்டாவால் மூடக்கூட இல்லை. பேசினால்தான் ஆபத்து.

"முடி வெட்டணுமா?" என்றாள் பார்லர்க்காரி.

அவள் தலையாட்டினாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து ஓர் அங்குலம் என்று காட்டினாள்.

"தொண்டை கட்டிடுச்சா? பரவால்ல, உக்காருங்க."

சுவரில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக எல்லாச் சேனலிலும் இதே செய்திதான். நகைக்கடை விளம்பரத்தில் நடிக்கப் போய், கழுத்தில் போட்டுவிட்ட வைரங்களோடு அப்படியே விமானம் ஏறிய நடிகைக்கு, தண்டனை முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே பரோல். கறுப்புக் கண்ணாடி போட்ட கார் ஒன்று சிறை வாசலைத் தாண்டுவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

பரோலில் இருந்தபடியே நடிக்கலாம் என்று கோர்ட் சொல்லிவிட்டது. பாதியில் நின்ற படத்தின் தயாரிப்பாளர்தான் இழுத்தார். 'ஜனங்க மனசு என்னன்னு தெரியட்டும். அப்புறம் பார்க்கலாம்.' மூன்று வருஷமாக வேலையில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த மனசைத் தன் காதாலேயே கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. முடி வெட்டிக்கொள்வதெல்லாம் சாக்கு.

கேட்கக் கிடைத்தது.

"எங்க ஸ்கூல் பியூன் ஒரு பெட்டி சாக்பீஸ் எடுத்தான்னு வேலையை விட்டே தூக்கினாங்க," என்றாள் தலை முழுக்க டை பூசிக்கொண்டிருந்த டீச்சர். "இவளை என்னடான்னா கார் வச்சுக் கூட்டிட்டுப் போறாங்க."

"வெளியில விட்டதே தப்பு," என்றாள் முகத்தில் களிமண் பேக் போட்டிருந்த பேங்க்காரி, உதட்டை அசைக்காமல். "நாளைக்கு எங்க லாக்கர் ரூம் பக்கம் வந்து நின்னாள்னா?"

"நீங்க பேசாதீங்க மேடம், பேக் வெடிச்சிடும்." பார்லர்க்காரி சீப்பால் எதிர்ச் சுவரைக் காட்டினாள். "அவ போட்டோவை நான் கழட்டியே போட்டுட்டேன். அந்த ஆணியில இப்ப காலண்டர் தொங்குது பாருங்க."

"அவ படம் இனிமே வந்தா?" என்றாள் டீச்சர்.

"ஓசியில டிக்கெட் குடுத்தாலும் போகமாட்டேன்."

ஒவ்வொரு வார்த்தையும் தன் தலையில் விழுவதாகவே அவளுக்கு இருந்தது. திருடினது தப்புதான், அதை யார் இல்லையென்றது? ஆனால் பதினெட்டு வருஷம் இவர்களைச் சிரிக்க வைத்ததும் அழ வைத்ததும் எங்கே போயிற்று? ஒரு துளிகூடவா மிச்சமில்லை?

பேச்சு சூடேறியதில் பார்லர்க்காரிக்கு அந்த ஓர் அங்குலம் மறந்தேபோயிற்று. கூந்தலை மொத்தமாகச் சுருட்டிப் பிடித்தாள். கத்தரிக்கோல் காதுக்குப் பக்கத்தில் வாயைப் பிளப்பது கண்ணாடியில் தெரிந்தது.

"ஐயையோ, அவ்வளவு வேண்டாங்க. நுனி மட்டும் போதும்."

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. டீச்சர் மெல்லத் திரும்பினாள். பேங்க்காரியின் பேக் கன்னத்தில் இரண்டாகப் பிளந்தது.

"இந்தக் குரல்..." என்றாள் டீச்சர். "நீங்களா?"

அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"மேக்கப் இல்லாட்டி இப்படித்தான் இருப்பீங்களா?" பார்லர்க்காரி தொழில் அக்கறையோடு முகத்தருகே குனிந்தாள்.

"ஜெயில் சோறு ஆளையே மாத்திடுச்சு, பாவம்," என்றாள் பேங்க்காரி.

"படத்துல நல்ல உயரமா இருப்பீங்களே?"

"படத்துல எல்லாம் கேமரா செய்யற வேலைங்க," என்றாள் அவள்.

டீச்சரின் குரல் குழைந்தது. "அந்த ரயில்வே ஸ்டேஷன் சீன் வசனம்... ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இருட்டில் நின்று சொல்வதுதான் அவளுக்குப் பழக்கம்.

"போறதுன்னா போ. கதவை மட்டும் சாத்திட்டுப் போகாதே."

டீச்சர் கண்ணைத் துடைத்ததில் டை கன்னமெல்லாம் இழுபட்டது.

"நகையைத்தானே எடுத்தீங்க. யார் உசிரையும் எடுக்கலையே," என்றாள்.

"அந்தக் கடைக்காரன் மட்டும் என்னவாம்? செய்கூலி, சேதாரம்னு நம்மகிட்ட எடுக்காததா?" என்றாள் பேங்க்காரி. லாக்கர் ரூம் ஞாபகமே அவளுக்கு இப்போது இல்லை.

பார்லர்க்காரி உள்ளே ஓடி, பரணிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்துவந்தாள். தூசி தட்டி, காலண்டரைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் மாட்டினாள். போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "இந்த மூக்கை எப்படித்தான் மேக்கப்ல கொண்டு வந்தாங்களோ," என்று வியந்தாள். "படம் எப்ப வருது? மூணு பேரும் முதல் நாளே வந்துடறோம்."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். முதல் தடவையாக, அந்தக் குரலுக்கு இந்த முகமும் பொருந்துவது போலத்தான் இருந்தது.

தெருவில் இறங்கும்போதே போன் அடித்தது. எதிர்முனையில், தகரத்தில் உப்புக் காகிதத்தைத் தேய்த்தது போன்ற ஒரு குரல்.

"என்னடி, போய்க் கேட்டியா? என்னை மன்னிப்பாங்களா, மாட்டாங்களா?"

"மன்னிச்சாச்சுக்கா. எப்பவும் போல டப்பிங்கை நான் பார்த்துக்கறேன், நீங்க மட்டும் வெளியில வாயைத் திறந்துடாதீங்க."