தும்மலுக்குப் பதில்

அக்கா முனவ்வரா தூங்கிட்டாளான்னு சபூரா போர்வைக்குள்ள கையை விட்டுத் தொட்டுப் பார்த்தா.

"என்னடி?"

"லாத்தா, இன்னைக்கு வகுப்புல தும்மிட்டேன்."

முனவ்வரா எழுந்து உக்காந்தா. "வாயை மூடிட்டுதானே இருந்தே?"

"மெதுவா அல்ஹம்துலில்லாஹ்னு வந்திருச்சு. கூரையில வச்சிருக்கிற மைக்குல விழல. பக்கத்துல இருந்த மஃரூபா காதுல விழுந்திருச்சு."

மஃரூபாவும் மதரசாவுல ஓதினவதான்னு அதுவரைக்கும் சபூராவுக்கே தெரியாது. தும்மினவங்க அல்லாஹ்வைப் புகழ்ந்தா, கேட்டவங்க அவங்களுக்காக துஆ செய்யணும். பள்ளிக்கூடத்துல இதெல்லாம் வாயில வரக்கூடாதுன்னு சட்டம் இருந்தாலும், சின்ன வயசுல நாக்குல ஏறின பழக்கம். "யர்ஹமுகில்லாஹ்"னு அவ சத்தமாவே சொல்லிட்டா. அது மைக்குல விழுந்து, மணி அடிக்கிறதுக்குள்ள ஆளுங்க வந்து அவளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எல்லாரோடயும் கலந்து பழகக் கத்துக்கிற வரைக்கும் தனிக் கட்டடத்துலதான் படிக்கணுமாம். போன வருஷம் அங்க போன பிள்ளைங்க ஒருத்தரும் இன்னும் வகுப்புக்குத் திரும்பல.

"யாருக்குப் பதில் சொன்னேன்னு அவகிட்ட கேட்டாங்க லாத்தா. அவ வாயே திறக்கல. நாளைக்கும் கேப்பாங்க."

"சொல்லிருவாளா?"

"தெரியலயே. நான் அவகிட்ட ஒருநாளும் பேசினதுகூட இல்ல."

முனவ்வரா தங்கச்சி தலையை மடியில இழுத்து வச்சுக்கிட்டா.

பக்கத்து ரூம்ல வாப்பா தும்மினாரு. அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிட்டு, எப்பவும்போல பதிலுக்குக் காத்திருந்தாரு. உம்மா அசந்து தூங்கிட்டாங்க போல.

சபூரா வாயைத் திறந்தா. முனவ்வரா கை வந்து பொத்திருச்சு.

"இப்பவே பழகிக்கோ"ன்னா.