மண்ணெண்ணெய்க் கிணறு

"அடப்பாவி பத்துமல! என் மக பரிசம் போடுற நாளா பார்த்துக் கிணத்துல மண்ணெண்ணெய ஊத்தியிருக்கியே, நீ நல்லா இருப்பியா?"

மங்களம் போட்ட கூச்சலில் அந்த ஈப்போ கம்பத்துக் குடியிருப்பே பொழுது விடியுமுன் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

பின்னே, சும்மா இருப்பாளா? பாரிட் புந்தாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கிளம்பியிருப்பார்கள். அவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று போன மாதமே கிணற்று மேட்டில் குழி வெட்டி, தகரக் கதவும் தாழ்ப்பாளும் வைத்துப் புதுக் கக்கூசு கட்டினாள் மகராசி. கம்பத்தில் யாருக்கு உண்டு அந்தத் தாழ்ப்பாள்? இப்போது பார்த்தால், இருக்கிற ஒரே கிணறு குப்பென்று நாறுகிறது!

பக்கத்து வீட்டுப் பத்துமலை காலிப் போத்தலோடு தலையைச் சொறிந்தான்.

"கொசு மொய்க்குதுக்கா. ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப கொசு சாக கால்வாய்க்கு எண்ணெய் அடிப்போமே, அது மாதிரிதான்லா."

"கால்வாயும் கிணறும் உனக்கு ஒண்ணாடா? நேத்து சாயங்காலம் கிணத்துல எறங்கி என் வாளிய எடுத்துக் குடுத்தியேன்னு காப்பி போட்டுக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! அதையும் குடிக்காம வச்சிட்டுப் போன!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். "தோட்டத்த விட்டு வந்தும் இவனுக்குப் புத்தி வரல" என்றாள் ஒருத்தி.

முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜொஹரா பீவிதான் அதட்டினாள். "ஏசிக்கிட்டே நின்னா சோறு வெந்திடுமா? என் கடையில பைப்பு இருக்கு. வாளியத் தூக்குங்க!"

கம்பமே வாளியோடு ஓடியது. எல்லாருக்கும் முன்னால் இரு முனையிலும் வாளி தொங்கும் காண்டாக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் பத்துமலை.

'சூடு சொரணை இருக்கா பாரு' என்று பல்லைக் கடித்தாள் மங்களம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கக்கூசுக்குப் போய் வந்து, "ஈப்போக்காரங்க கெட்டிக்காரங்கதான்" என்று வேறு சொல்லிவிட்டாள். மங்களத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் குஷியில் மிச்சக் கேசரியை எடுத்துக்கொண்டு பத்துமலை வீட்டுக்குப் போனாள்.

"தண்ணி தூக்குனதுக்கு இது. ஆனா இனிமே கிணத்துப் பக்கம் உன்னைப் பார்த்தேன், காலை ஒடிச்சிடுவேன்!"

பத்துமலை அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நேத்து வாளி எடுக்க எறங்கினேன்ல? உங்க கக்கூசு இருக்கிற பக்கம், கிணத்துச் சொவர்ல கசியுது. நாத்தம் கொடலைப் புடுங்குது. கம்பத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு வாரமா வயித்தால போறது அதனாலதான்."

மங்களம் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் தொடாமல் வைத்துவிட்டுப் போன காப்பி நினைவுக்கு வந்தது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"இதை அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா? கம்பமே உன்னைத் திட்டிச்சே! நானும்தானே திட்டினேன்!"

"சொன்னா மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போவாதா? சொல்லாம வுட்டா எல்லாரும் அந்தத் தண்ணியத்தானே குடிப்பாங்க? நாளைக்கு நீங்க குழிய மூடிடுங்க. நான் ஆள் சேர்த்துக் கிணத்த எறைச்சிடறேன். மண்ணெண்ணெய்க்காக எறைக்கிறோம்னு நெனச்சுக்குவாங்க."

மங்களத்தின் கண் நிறைந்துவிட்டது. "உனக்குக் கெட்ட பேரு வந்திடுச்சேடா தம்பி..."

"அட போங்கக்கா! நான் ஊத்துனது கம்பத்துக்கே தெரியும். உங்க கக்கூசு ஊத்துனது நம்ம ரெண்டு பேருக்குத்தான்லா தெரியும். அந்தக் கேசரிய இப்படிக் குடுங்க!"