ஏழு பிழை வரை பரவாயில்லை

காதுகுத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. மகளை மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் வேண்டும். வெள்ளத்தில் காணாமல்போன அண்ணனைப் பற்றி நினைவில் இருந்ததையெல்லாம் எழுதிக்கொண்டு பொற்கொடி தேடல் நிலையத்துக்குப் போனாள். இடது புருவத்தில் தழும்பு, இடி இடித்தால் சிரிப்பு, சாப்பாட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் மோர்ச்சோறு என்று இருபது வரிகள்.

எழுத்தர் இருதயராஜ் அதை இயந்திரத்தில் இட்டார். மாநிலத்தில் உள்ள எல்லோருடைய குறிப்புகளோடும் அது ஒப்பிட்டுப் பார்த்தது.

"இருபது வரியும் பொருந்துற ஆள் இல்லம்மா. ஒண்ணு ரெண்டு வரி பிழையா இருந்தாலும் சரின்னு தேடவா?"

"தேடுங்க."

மூன்று பிழைக்கு யாரும் வரவில்லை. ஐந்துக்கும் இல்லை. ஏழுக்குத் திரையில் ஒருவர் வந்தார். தழும்பு இல்லை, ஊர் வேறு, பெயரும் வேறு.

"இவர் எங்கண்ணன் இல்லீங்க."

"இல்லதான். ஆனா இவரும் வெள்ளத்துல போன தங்கச்சியத் தேடி எழுதி வெச்சிருக்கார். ஏழு பிழை வரைக்கும் பரவாயில்லையாம். அதுல நீங்க வர்றீங்க."

பொற்கொடி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்கிட்ட என்னென்ன பிழையாம்?"

உயரம், பல்வரிசை, நடை என்று இருதயராஜ் ஒவ்வொன்றாகப் படித்தார். ஏழாவதுக்கு வந்ததும் தயங்கினார்.

"அவர் தங்கச்சிக்குக் குழந்தை இல்லையாம். உங்களுக்கு இருக்கேம்மா."

பொற்கொடி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அந்தப் பிழைய மடியில வெச்சுக்க வருவாரான்னு கேட்டுச் சொல்லுங்க."