எட்டு இருபதில் ஏறாதவன்

“இன்னைக்கும் ஏறலைன்னா அந்தப் பொண்ணை மறந்துடு. அவ்வளவுதான் சொல்வேன்.”

“ஏறினா என் படிப்பைத்தான் மறக்கணும். பேச்சுக் கொடுக்காதீங்கக்கா, எண்ணிக்கை தப்பிடும்.”

பத்திரிகைக் கடை அக்கா விடுவதாக இல்லை. பேருந்து நிறுத்தத்தை ஒட்டியிருந்த சின்னக் கடைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆளுங்களை எண்ணுறதுக்கு எதுக்குப்பா இஸ்திரி போட்ட சட்டை? அதுவும் நீலம்!”

அவன் அட்டையில் செருகியிருந்த தாளைச் சரிசெய்தான். சிவில் இன்ஜினியரிங் முடித்தவன், போக்குவரத்துத் திட்டமிடலில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறான். சொந்தமாகச் செய்த ஒரு கள ஆய்வையும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். ஒரே நிறுத்தம், பத்து வேலை நாட்கள், காலை எட்டு முதல் ஒன்பது வரை எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்ற கணக்கு. ஒரு பஸ் விட்டுப்போனாலும் ஆய்வு செல்லாது.

போன வருடம் இரண்டு மதிப்பெண்ணில் நழுவிப்போன இடம் அது. இன்று பத்தாவது நாள். மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது.

இப்படிப்பட்ட சமயம் பார்த்துத்தானா எட்டு இருபது பஸ்ஸில் அந்தப் பெண் வர வேண்டும்?

ஒன்பது நாளும் அதே பஸ், கதவுக்குப் பக்கத்தில் அதே ஜன்னல். பஸ் நின்றதும் நிறுத்தம் முழுவதையும் ஒருமுறை பார்ப்பாள். எல்லோரும் ஏறிக் கதவு மூடியதும் அவனை மட்டும் பார்ப்பாள். உதடு லேசாக அசையும். அதற்குள் பஸ் நகர்ந்துவிடும்.

அந்த உதட்டசைவுக்கு அவன் நாளுக்கொன்றாக ஒன்பது வாக்கியங்கள் யோசித்து வைத்திருந்தான். அவற்றில் ஒன்றை நினைத்தால் இப்போதும் காது சூடாகும்.

“உன்கிட்ட ஏதோ சொல்லுது அந்தப் பொண்ணு,” என்று அக்கா தூபம் போட்டாள். “நேத்து உன்னைப் பார்த்துட்டு ஒரு பெருமூச்சு வேற விட்டுச்சு.”

“பெருமூச்சா?”

“பென்சிலைக் கீழே போட்டுட்ட பாரு. எடு, எடு.”

அவன் குனிந்து எடுத்தான்.

“சரி, கணக்கப்பிள்ளை, இத்தனை நாள் நின்னு என்னதான் கண்டுபிடிச்ச?”

“இங்க வர்றது ஒரே ஒரு ரூட் பஸ். கூட்டம் இருக்கு, ஆனா நெருக்கிப் பிடிச்சு எல்லாரும் ஏறிடறாங்க. அதனால கூடுதல் பஸ் தேவையில்லை. இதான் என் முடிவுரை.”

“முடிவுரையெல்லாம் ஜோராத்தான் எழுதற. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை ஆரம்பிக்க வாய் வரலை.”

பஸ் வந்துவிட்டது. மூன்று பேர் இறங்கினார்கள், பதினான்கு பேர் ஏறினார்கள். அவன் கோடுகளைப் போட்டு முடித்து நிமிர்ந்தபோது கதவு இன்னும் மூடவில்லை. ஜன்னல் கண்ணாடி திறந்திருந்தது.

“சார்! நீலச் சட்டை சார்!”

அக்காவின் கையிலிருந்த பத்திரிகைக் கட்டு பொத்தென்று விழுந்தது.

“எ... என்னையா?”

“உங்களைத்தான். உங்ககிட்ட நான் பேசவே கூடாது. ஆனா இன்னைக்கு விட்டா முடியாது, அதான்.” அவள் மூச்சு வாங்கினாள். “தினமும் உங்களைத்தான் பார்க்கிறேன்.”

“தெரியும்,” என்றான். அவனுக்கே கேட்காத குரல்.

“இன்னைக்கு ஏறுவீங்க, நாளைக்கு ஏறுவீங்கன்னு ஒன்பது நாளா காத்துக்கிட்டு இருக்கேன். நீங்க அசையவே மாட்டேங்கிறீங்க. வீட்டுக்குப் போனா எனக்கு நிம்மதியா சாப்பிடக்கூட முடியல.”

அடுத்த பஸ் எட்டு முப்பத்தைந்துக்கு. இதில் ஏறினால் அது விட்டுப்போகும், பத்து நாள் உழைப்பு குப்பைக்குப் போகும். போனால் என்ன? படிப்பு அடுத்த வருடமும் வரும். இப்படி ஒரு ஜன்னல் திறக்குமா? அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் படியை நோக்கி ஓர் அடி வைத்தான்.

“போ தம்பி, போ!” அக்கா பின்னாலிருந்து கத்தினாள்.

“இத்தனை நாளும்... எனக்காகவா?”

“பின்னே யாருக்காக?” என்றவள், மடியிலிருந்து ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். தாள் முழுக்கக் கட்டங்கள், கட்டங்களுக்குள் பென்சில் கோடுகள். “போக்குவரத்து ஆபீஸ்ல கணக்கெடுக்க அனுப்பியிருக்காங்க சார். ஏறினவங்க, இறங்கினவங்க, இடமில்லாம நின்னுட்டவங்க. இந்த ஸ்டாப்புல ஒன்பது நாளும் ‘நின்னுட்டவர் ஒருத்தர்’னு எழுதியிருக்கேன். பத்து நாளும் ஆள் நின்னா இன்னொரு பஸ் விடணும்னு விதி. அதுக்கு எங்க தெருவுக்கு வர்ற பஸ்ஸைத்தான் நிறுத்தி இங்க திருப்பப்போறாங்க... இன்னைக்கு ஒரு நாள் ஏறிடுங்களேன், சார்!”